மூன்றாம் அறையின் கோடு

அக்கா, உடுமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு மொபைல் கடைக்காரர் சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார், அதனால் நிதானமாகப் பேசலாம். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. நம் எஸ்டேட் லயத்துப் பேச்சில் சொன்னால் கண்டபடி எழுதுகிறது. அதனால் செய்தி வாசிக்கிறவர் மாதிரி சொல்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே கையால் திருத்தி வைக்கிறேன். அடுத்தவர் சொன்னதை மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, உனக்கே தெரியும்.

மறையூர் பஸ் இரண்டு போய்விட்டது. முதல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகூட விட்டேன். டிரைவர் வண்டியை எடுத்ததும் இறங்கிவிட்டேன். இரண்டாவதில் ஏறவில்லை. நேரில் வந்தால் அம்மா முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது பேசிவிடுவேன். இங்கே நடந்துகொண்டே பேசுவது சுலபமாக இருக்கிறது. ஒயர் நீளும் வரைக்கும்தான் நடக்க முடிகிறது, திரும்பத் திரும்ப நாலு எட்டு.

நாளை மதியம் இரண்டு மணிக்கு நீ கொல்லங்கோட்டுக்கு வந்து ஸ்டேஷனில் மொழி கொடுக்க வேண்டும், வாக்குமூலத்துக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எஸ்.ஐ. அதிகம் கேட்க மாட்டார். மச்சான் கடைசியாக உன்னிடம் போனில் என்ன சொன்னார் என்று கேட்பார். "ரூமுக்குள்ள ஒரு மாதிரியா இருக்கு மோனி, மணிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன்" என்று என் பேரைச் சொல்லி அவர் சொன்னதாக அடக்கத்தன்று நீ என்னிடம் சொன்னாய். வேறு யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அந்த ஒரு வரியை நாளை நீ சொல்வதா வேண்டாமா என்பதுதான் விஷயம். நடந்தது முழுவதும் தெரிந்தால் நீயே சரியாக முடிவு செய்வாய். அதனால்தான் இதைப் பேசுகிறேன்.

சோலை மச்சானை எஸ்டேட்டிலிருந்து முதலமடைக்குக் கூட்டி வந்தவன் நான்தான். டிவிஷனில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று ஆனபோது நீதான் கேட்டாய். கற்பகம் அக்காவின் மாங்காய் கொடவுனில் பழுக்க வைக்கும் அறைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அந்த நாலு அறைகளுக்கும் கன்ட்ரோலர் செய்து கொடுத்தது எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் கொல்லங்கோட்டில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே ஒரு ஹால். முதலாளி, சுதீப், நான். மூன்றே பேர்.

மாங்காய் மூச்சு விடும், அக்கா. பலருக்கு இது தெரியாது. டன் கணக்கில் கிரேட்டில் அடுக்கி, கதவைச் சாத்தி, பழுக்க வைக்கும் வாயுவை விட்டால், பழுக்கப் பழுக்க அது மூச்சை அதிகம் விடும். நாம் விடுவது போலத்தான், கரியமில வாயு. அறைக்குள் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டினால் ஃபேன் தானாக ஓடி அதை வெளியே தள்ள வேண்டும். தாண்டினால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. பச்சை எரிந்தால் ஆள் உள்ளே போகலாம். கன்ட்ரோலரின் வேலை இவ்வளவுதான்.

சென்சாரிலிருந்து அளவைப் படிக்கும் பகுதியை சுதீப் சி மொழியில் எழுதினான். ஃபேன், விளக்கு, கற்பகம் அக்கா ஆபீசில் கோடு கோடாக ஓடும் திரை எல்லாம் என் வேலை. நான் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினேன். இரண்டும் பங்காளிகள் மாதிரி. ஒரே சாயல், ஆனால் ஒன்றுக்குப் பழக்கமான சொல் மற்றதற்கு ஆகாது. இரண்டையும் சேர்த்ததும் கம்பைலர் நாற்பத்து மூன்று தப்பு காட்டியது. நாம் எழுதியதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். பிடிக்காவிட்டால் மாற்றாது, சிவப்பில் வரி வரியாகத் திட்டும்.

அன்று சுதீப் கல்பாத்தியில் அவன் தங்கை கல்யாணத்தில் இருந்தான். போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. பொறுமையாகத்தான் சொன்னான். "என்னோட ஹெட்டர்ல 'நியூ'ன்னு ஒரு பேர் வெச்சிருக்கேன். சி-க்கு அது வெறும் பேராக்கும், உன்னோடதுக்கு அது ஆகாது. திங்கக்கிழமை வந்து நானே மாத்தித் தரேன். அதுவரை நீயா ஒண்ணும் எழுதிண்டு போகாதே, கேட்டியா. அது வாயை மூடிண்டா எல்லாம் சரியாச்சுன்னு அர்த்தமில்லை."

ஹெட்டர் என்பது அவன் பகுதியில் என்னென்ன இருக்கிறது, எது எதைத் திருப்பித் தரும் என்று சொல்லும் பட்டியல். திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை அறைகளை ஓட்டிக் காட்டுவதாக நான் கற்பகம் அக்காவிடம் சொல்லியிருந்தேன். லயத்திலிருந்து போன பையனுக்கு வாக்கு முக்கியம். சுதீப் மாதிரி ஆள் தாமதித்தால் தங்கை கல்யாணம் என்பார்கள். நான் தாமதித்தால் தெரியாதவன் என்பார்கள்.

அதனால் அவனுடைய பட்டியலை எடுத்துவிட்டு எனக்கு வேண்டிய ஒரே ஒரு வரியை நானே எழுதிக்கொண்டேன். சி பிளஸ் பிளஸ் சாதாரணமாகக் கறாரானது. ஒரு வேலையின் பெயரோடு அது என்னென்ன வாங்கும் என்பதையும் சேர்த்து முடிந்து வைத்துத்தான் தேடும். 'இது சி-யில் எழுதியது' என்று ஒரு வார்த்தை முன்னால் போட்டால் அந்த முடிச்சை விட்டுவிடும். பெயர் பொருந்தினால் போதும். என்ன திருப்பித் தரும் என்பதற்கு என் பேச்சுத்தான் சாட்சி. சுதீப் எழுதியது புள்ளி வைத்த எண் தருவது. நான் முழு எண் என்று எழுதினேன். நாற்பத்து மூன்று தப்பும் ஒரே நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஹாலில் தனியாக இருந்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். திங்கட்கிழமை வந்த சுதீப்பிடம், அந்தப் பெயரை நானே மாற்றிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சின்ன எந்திரத்தில் இரண்டு வகை எண்ணும் வேறு வேறு இடத்தில் வைக்கப்படும். நான் பார்க்கச் சொன்ன இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான் இருந்தது. பூஜ்யம் என்றால் காற்று சுத்தம். ஃபேன் ஓடாது, பச்சை எரியும். அது தெரியாமல் செய்த தப்பு. அதை யாரும் செய்வார்கள்.

மூன்றாவது பஸ் வந்து நிற்கிறது. மறையூர், மூணாறு என்று கத்துகிறார்கள். ஒயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுகிறேன். சார்ஜ் அறுபது இருக்கிறது.

அறைகள் ஓடத் தொடங்கிய பதினோராம் நாள் கற்பகம் அக்கா கூப்பிட்டார். திரையில் வெப்பத்தின் கோடு ஏறி இறங்கியது, ஈரத்தின் கோடும் அசைந்தது. அடியில் கரியமில வாயுவின் கோடு மட்டும் தரையோடு தரையாக ஓடியது. "ஏனுங்க தம்பி, இது மட்டும் செத்த பாம்பாட்ட கெடக்குதுங்களே" என்று சொல்லிச் சிரித்தார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபது நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. என் வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

ஆனால் மாற்றினால் உடனே கோடு மேலே போகும். ஃபேன் முதல்முறையாக ஓடும். பதினோரு நாள் ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். சுதீப் சொன்னதைக் கேட்காமல் செய்தது வெளியே வரும். அந்தச் சமயத்தில் எனக்குத் தேவையாக இருந்தது கோடு அசைவதுதான். ஆறு வரி எழுதினேன். புள்ளி இரண்டுக்கும் புள்ளி ஆறுக்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணை எந்திரமே நினைத்த மாதிரி எடுத்துக் காட்டும். சீசன் முடிந்ததும் நிதானமாகச் சரி செய்துவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் கற்பகம் அக்கா திரையைப் பார்த்து, "இப்பத்தானுங்க உசுரு வந்திருக்குது" என்றார். நல்ல மனுஷி. எனக்கு ஒரு கூடை பங்கனப்பள்ளி கொடுத்தனுப்பினார். நான் ஊருக்குக் கொண்டு வந்தேனே, அது.

அந்தக் கொடவுனில் பழைய ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கதவைத் திறந்ததும் யாரும் உள்ளே போக மாட்டார்கள். திறந்து போட்டுவிட்டு எதிரே கடையில் போய் ஒரு டீ குடிப்பார்கள். வந்துதான் கிரேட்டைத் தூக்குவார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சூடு இறங்கட்டும் என்பார்கள், நாத்தம் போகட்டும் என்பார்கள். மச்சானும் அதைப் பழகிக்கொண்டார். அவர் அதற்கு 'ஒரு டீ நேரம்' என்று பெயரே வைத்திருந்தார். டீ நேரத்தில் ஈரம் வெளியே போய் என் திரையில் ஈரத்தின் கோடு ஒரு பள்ளம் விழுந்து எழும். கொச்சியிலிருந்து பழம் வாங்க வருகிறவர்கள் அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பார்கள். பள்ளம் இருந்தால் கேள்வி வரும். அதனால் நான் டீ நேரத்தை நிறுத்தச் சொன்னேன். திறந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டினேன். அந்த டீதான் அவர்களைக் காப்பாற்றி வந்தது என்று பிறகுதான் புரிந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒட்டும்போதே தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை திறக்கிற அறையில் அவ்வளவு சேராது என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். கணக்கு ஓரளவு சரிதான்.

அதற்கு அடுத்த வாரம் மச்சான் என் ரூமுக்கு வந்தார். "மாப்ள, உள்ள போயிட்டு வந்தா தல கிண்ணுனு இருக்குடா. எங்க ஆத்தா பாக்குக்குச் சுண்ணாம்பு கூட்டிப் போட்டுக் குடுத்தா இப்படித்தான் கிறுகிறுக்கும்" என்று சிரித்தார். குளிரிலும் வெயிலிலும் மாறி மாறி நின்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, நானே மெடிக்கல் வரைக்கும் நடந்து போய் ஒரு அட்டை மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அவரை நான் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு அந்த ஹர்த்தால் வந்தது. சனிக்கிழமை பூட்டிய மூன்றாம் அறையை ஞாயிறு திறக்க ஆள் வரவில்லை, திங்களன்று லாரி ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வரை பத்து டன் மாங்காய் உள்ளேயே இருந்தது. மூடியபடி, ஃபேன் இல்லாமல். ஒரு நாளைக்கு என்று போட்ட கணக்கு மூன்று நாளைக்குப் பொருந்தாது. திங்கள் சாயங்காலமே அது என் மனதில் ஓடியது. இரண்டு தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு கொடவுனுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். ஒரு தடவை காம்பிரத்து ஜங்ஷன் வரைக்கும்கூட வந்துவிட்டேன். திறந்து விட்டால் கோடு பள்ளம் விழும். மறுநாள் கொச்சியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். திரும்பிவிட்டேன்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வந்தார்கள். மூன்று பேர். ஜிஸ்மி என்று ஒரு பெண்தான் விவரமாகக் கேட்டாள். நான் கற்பகம் அக்கா ஆபீசில் திரைக்கு முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மூன்றாம் அறைக்கு ஐம்பது அடி இருக்கும். ஒன்பதே காலுக்கு போன் வந்தது. மச்சான்.

"மாப்ள, மூணாம் ரூம் கதவத் தொறந்தா மூக்குல சுள்ளுனு ஏறுதுடா. சோடா குடிச்ச மாதிரி. ஒரு டீ குடிச்சுட்டுப் போகட்டா?"

"பச்சதான எரியுது மச்சான்?"

"பச்சதான்."

"அப்பறம் என்ன. ஆளுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. கதவச் சாத்திட்டு வேலயப் பாருங்க."

"சரிடா. நீ சொன்னாச் சரி."

சோடாவில் இருப்பது கரியமில வாயுதான், அக்கா. பத்தாம் வகுப்புப் பாடம். மூக்கில் அப்படி ஏறுகிறது என்றால் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நான் ஒருமுறை படித்திருக்கிறேன். போனைப் பையில் வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மூன்று நாள் மூடியிருந்தும் மூன்றாம் அறையின் கோடு ஏறவில்லையே என்று ஜிஸ்மி கேட்டாள். அறையின் காற்றோட்டம் அப்படி என்று சொன்னேன். கோடு புள்ளி மூன்றில் இருந்தது. பிறகு புள்ளி நான்கு. பிறகு மறுபடி மூன்று. அவள் குறித்துக்கொண்டாள். நாற்பது நிமிடம் பேசினேன். இடையில் ஒரு தடவை தண்ணீர் குடித்தேன்.

கிரேட் வெளியே வரவில்லையே என்று பார்க்கப் போனது கற்பகம் அக்காதான். அவர் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டதும் முதலில் ஓடியவன் நான். இதை எல்லோரும் சொல்வார்கள். கதவை அகலத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நின்றேன். யாரையும் உள்ளே விடவில்லை, கையை விரித்து மறித்துக்கொண்டேன். பிறகுதான் போய் மச்சானைத் தூக்கினேன். பயத்தில் நின்றுவிட்டேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அது பயம் இல்லை. உள்ளே போனால் என்ன ஆகும் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரி வண்டி போனதும் மச்சானுக்கு மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று கொல்லங்கோடு போனேன். துணியும் எடுத்தேன். ஹாலில் பொதுவாக ஒரே கம்ப்யூட்டர்தான், எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. என் ஆறு வரியை எடுத்தேன். நான் எழுதிய அந்த ஒற்றை வரியையும் எடுத்தேன். சுதீப்பின் பட்டியலைத் திறந்து, புள்ளி வைத்த எண் என்று அவன் எழுதிய இடத்தில் முழு எண் என்று மாற்றினேன். நாற்பத்து மூன்று தப்பு வந்த அதே பட்டியல், அந்த 'நியூ'வையும் சரி செய்து சேர்த்தேன். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதோ சாக்குச் சொல்லிக் கொடவுனுக்குப் போய் அறை எந்திரத்திலும் ஏற்றிவிட்டேன். மறுநாள் போலீஸ் கம்ப்யூட்டர், எந்திரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது.

சுதீப் போன வாரம் என்னைப் பார்க்க வந்தான். பாதி ஆளாகிவிட்டான். "மணி, புள்ளி வெச்ச நம்பர்னுதானேடா நான் எழுதினேன்? அதுல அப்படி இல்லை. என் கையால எழுதின ஃபைலாக்கும் அது. எனக்கே என்னை நம்ப முடியலைடா. உங்க அக்கா மூஞ்சியை நான் எப்படிப் பாப்பேன்" என்று அழுதான். நான் அவனைக் கடைக்குக் கூட்டிப் போய் இட்லி வாங்கிக் கொடுத்தேன். கல்யாண அவசரத்தில் யாருக்கும் கை தவறும் என்று சொன்னேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது. அவன் குடும்பத்தில் இரண்டு வக்கீல்கள் இருக்கிறார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அலைவான். பிறகு வெளிநாடு போய்விடுவான். நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

என் போனில் அந்த ஒன்பதே கால் அழைப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக பஸ் நேரம் கேட்டார் என்று எஸ்.ஐ.யிடம் சொல்லியிருக்கிறேன். அதை இல்லையென்று சொல்ல உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய். உன்னை நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவதாக இருந்தால் இவ்வளவையும் ஏன் சொல்ல வேண்டும்? மறைத்துவிட்டு, அந்த வரியை மட்டும் விட்டுவிடு என்று கேட்டிருக்கலாமே. ஒரு விஷயம் யோசித்துப் பார். நான் உள்ளே போனால் அம்மாவின் மருந்துக்கு யார், உன் மகள் படிப்புக்கு யார்? சுதீப்பா வந்து பார்ப்பான்?

நாலாவது பஸ்ஸும் கிளம்புகிறது. கண்டக்டர் என்னையே பார்க்கிறார், காலையிலிருந்து இங்கேயே சுற்றுகிறேன் அல்லவா. இதில் ஏறப்போவதில்லை. நாளை ஸ்டேஷன் வாசலில் உனக்காக நிற்பேன். உள்ளே போகும்போது உன் பையை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

மச்சானுக்குக் கடைசி நிமிடம் வரைக்கும் என்மேல் ஒரு குறையும் கிடையாது, அக்கா. அந்த மனுஷன் என்னை நம்பி நிம்மதியாகத்தான் உள்ளே போனார், அந்த நிம்மதியை நாளைக்கு நீ கெடுத்துவிடாதே.